கணேஸ்வரன் செய்த பழைய படம்

கணேஸ்வரனுக்கு எப்போதும் ஏதாவது ஒரு பைத்தியம் பிடித்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மனிதர் வாடிப்போவார். கல்யாணமான புதிதில் சண்டை மீன் வளர்த்தார். மீன்கள் ஒன்றையொன்று கடித்துத் தீர்த்த பிறகு கராவோக்கே பெட்டி வாங்கினார். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து கதவைத் தட்டியதும் அது அடங்கியது. அப்புறம் கொட்டாத சின்னத் தேனீ. மலாய்க்காரர்கள் கெலுலுட் என்பார்களே, அது. பெட்டி வைத்து எட்டு மாதம் காத்திருந்தார். ஒரு நாள் தேனீக்கள் மொத்தமாகக் கிளம்பி அடுத்த தெரு மாமரத்துக்குக் குடிபோயின. அங்கே தேன் நன்றாக வந்ததாகக் கேள்வி.

கோலா சிலாங்கூரில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், அவர்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் மீன் தொட்டியும் மைக்கும் தேன் பெட்டியும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவர் மனைவி தனேஸ்வரி அந்த அறைக்கு "மியூசியம்" என்று பெயர் வைத்திருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி கொடுத்த கையோடு அதைத் திறந்து காட்டிவிடுவார்.

கணேஸ்வரன் ஊருக்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பொருட்கிடங்குப் பொறுப்பாளர். பெல்ட்டோ பேரிங்கோ கையுறையோ யாராவது வந்து கேட்டால் எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார். மதியம் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை ஆள் நடமாட்டம் இருக்காது. மேசை விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கைப்பேசியை நோண்டுவார். அந்த ஒரு மணி நேரத்தில்தான் புதுப் பைத்தியம் தொற்றியது.

2023 தீபாவளிக்குப் பழைய கூட்டாளி ஒருவர் வாழ்த்துப் படம் அனுப்பியிருந்தார். தலையில் கிரீடம், தோளில் கிளி, பின்னால் அரண்மனை. முகம் மட்டும் கூட்டாளியுடையது.

"எந்த ஸ்டூடியோ லா இது?" என்று கேட்டார் கணேஸ்வரன்.

"ஸ்டூடியோ இல்ல பாஸ். என்னா வேணும்னு எழுதுனா அதுவே வரஞ்சி குடுக்கும். ஏஐ லா."

அன்று மதியமே அந்தச் செயலியை இறக்கிக்கொண்டார். தோட்டத்தில் பிறந்தவர் என்பதால் முதலில் தோட்டத்தையே கேட்டார். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் தமிழர் ஒருவரைப் போடு என்று ஆங்கிலத்தில் எழுதினார். பால் வெட்டுவதற்கும் தண்ணீர்க் குழாய்க்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். வந்த படத்தில், தலைப்பாகை கட்டி மீசை முறுக்கிய ஒருவர், மரத்தில் பொருத்தியிருந்த பித்தளைக் குழாயைத் திருகிக் குவளையில் பால் பிடித்துக்கொண்டிருந்தார். கணேஸ்வரன் தனியாகச் சிரித்த சிரிப்பில், அந்த வழியாகப் போன வெல்டர் எட்டிப் பார்த்துவிட்டு வேகமாக நடந்தார்.

அதற்கப்புறம் விடவில்லை. வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டை ஆங்கிலத்தில் 'லைன்' என்று கேட்டால் வீடு முழுவதும் கோடு கோடாக வந்தது. கள்ளுக்கடை கேட்டபோது எழுத்தில் ஒரு சின்னப் பிழை, 'டாடி' 'டெடி' ஆனது; கடை நிறையக் கரடி பொம்மைகள் உட்கார்ந்திருந்தன. 'எங்கள் எஸ்டேட்' என்று கேட்டதற்கு வெள்ளை மாளிகையும் புல்வெளியும் குளமும் அன்னமும் வந்தன. அதைத் தனேஸ்வரியிடம் காட்டினார்.

"இதான் நான் பொறந்த எடம்."

தனேஸ்வரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "எங்கப்பாக்கிட்ட பொண்ணு கேட்டு வந்தப்பவே இதக் காட்டியிருந்தா, அவர் ஒங்கள மூணு மாசம் அலைய விட்டிருக்க மாட்டாரு."

போகப் போகக் கணேஸ்வரனுக்குக் கை பழகியது. தேவையில்லாததை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், தலைப்பாகை வேண்டாம் என்றால் இரண்டு தரம் சொல்ல வேண்டும், இவற்றையெல்லாம் ஒரு 555 குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டார். விரல்கள் மட்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஒருவருக்கு நாலு, ஒருவருக்கு ஆறு என்று அதன் இஷ்டத்துக்கு முளைத்தன.

அவர் பிறந்த கெலாடித் தோட்டம் தொண்ணூறுகளின் கடைசியில் விற்கப்பட்டது. மக்கள் புக்கிட் பெருந்துங், ரவாங், சபாக் என்று பிரிந்து போனார்கள். இப்போது 'கெலாடிக் குடும்பம்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு, அதில் நூற்று நாற்பது பேர். அதற்குத் தலைவர் நடராஜா சார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். வாட்ஸ்அப்பைப் புலனம் என்றுதான் சொல்வார். பிழையாக எழுதினால் சந்தி போட்டுத் திருத்துவார். ஆகஸ்டு மாதம் கோலா சிலாங்கூர் மண்டபத்தில் பெரிய ஒன்றுகூடல் நடத்தப் போவதாக அறிவித்திருந்தார்.

கணேஸ்வரன் சும்மா இருக்கவில்லை. ஒன்றுகூடல் செயற்குழுவினர் ஐந்து பேரும் விண்வெளி உடையில் நிலாவில் நின்று வாழை மரம் நடுவதுபோல ஒரு படம் செய்து குழுவில் போட்டார். நாற்பது பேர் சிரித்தார்கள். ஐந்து நிமிடத்தில் நடராஜா சாரின் செய்தி வந்தது.

"அன்பர்களே, ஒன்றுகூடலுக்குத் தொடர்பில்லாத கேளிக்கைப் படங்களைப் புலனக் குழுவில் பகிர்வதைத் தவிர்க்கவும். தோட்டத்தின் பழைய நிழற்படங்கள் இருப்பின் அவற்றை அனுப்பி உதவுங்கள். வரலாறு விளையாட்டன்று."

பழைய படத்துக்கு எங்கே போவது. அந்தக் காலத்தில் தோட்டத்தில் கேமரா வைத்திருந்தவர் துரை ஒருவர்தான். மூன்று வாரத்தில் மொத்தம் நான்கு படங்கள் வந்து சேர்ந்தன. அவற்றில் இரண்டு, துரையின் நாய்.

'வரலாறு விளையாட்டன்று' என்ற வரி கணேஸ்வரனை உறுத்தியது. மதியச் சாப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். கறுப்பு வெள்ளைப் படம், 1968, மலாயா ரப்பர் தோட்டம், தமிழர்களின் கால்பந்துக் குழு, வெறுங்கால், நடுவில் கேடயம், பின்னால் பால்மரங்கள். தலைப்பாகை வேண்டாம். தலைப்பாகை வேண்டவே வேண்டாம். முதல் படத்தில் பந்து சதுரமாக இருந்தது. இன்னொன்றில் எல்லாருக்கும் ஒரே முகம். மூன்று நாள் மதியம் போனது. முப்பத்து நான்காவது தரம்தான் அது வந்தது.

ஒல்லி ஒல்லியான ஆட்கள், வெயிலுக்குச் சுருங்கிய கண்கள். பதினொரு பேருக்குப் பதில் பன்னிரண்டு பேர். இருக்கட்டும், ஒருவர் மாற்று ஆட்டக்காரர். பின்வரிசை நடுவில் கோல்கீப்பர். சுருட்டை முடி, கூர்மையான மூக்கு, சினிமாக்காரர் மாதிரி. இடது ஓரத்தில் குந்தியிருந்தவருக்கு இடது கையில் ஆறு விரல். அதைச் சரிசெய்யப் போனால் முகங்கள் எல்லாம் மாறின. அப்படியே விட்டுவிட்டார். மூலையில் ஒரு காப்பிக் கறையும் நடுவில் ஒரு மடிப்புக் கோடும் சேர்த்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குழுவில் போட்டு, "பழைய பெட்டியில் கிடைத்தது. யாரையாவது அடையாளம் தெரிகிறதா?" என்று எழுதினார். பத்து நிமிடம் எல்லாரையும் குழம்பவிட்டு உண்மையைச் சொல்லிவிடுவதுதான் திட்டம். நடுவில் குளிக்கப் போனார். அதுதான் தப்பாகப் போயிற்று.

துண்டோடு திரும்பி வந்தபோது அறுபத்தொரு செய்திகள் காத்திருந்தன. முதலில் வந்தது சேதுவின் குரல். சேது ரவாங்கில் லோரி ஓட்டுபவர், கணேஸ்வரனுக்கு ஐந்து வயது மூத்தவர், முரட்டு ஆள். அந்தக் குரல் இப்போது தழுதழுத்தது.

"கணேசு, இடது பக்கம் குந்தியிருக்கறது எங்க பெரியப்பா லா. சன்னாசி பெரியப்பா. ஆறு வெரலு பாத்தியா. எங்க வீட்டுல அவர் படமே இல்ல. எங்கப்பா சாவற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு."

கணேஸ்வரன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அடுத்து வந்தது நடராஜா சாரின் நீண்ட கடிதம்.

"கிடைத்தற்கரிய ஆவணம். 1968ஆம் ஆண்டு சபாக்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் கேடயம் வென்ற நம் குழுவே இது. அப்போது எனக்கு ஏழு வயது. அந்த ஆட்டத்தை நேரில் கண்டவன் நான். இரண்டுக்கு ஒன்று."

கணேஸ்வரன் அதை மனைவியிடம் நீட்டினார். "இரண்டுக்கு ஒண்ணாம்."

தனேஸ்வரி வெங்காயம் உரித்துக்கொண்டே படித்தார். "யாரு கோல் அடிச்சதுன்னு கேளுங்க. அதுவும் தெரிஞ்சிருக்கும்."

"சொல்லிடட்டுமா?"

"இப்பச் சொன்னா, நூத்தி நாப்பது பேரு முன்னுக்கு சார் பொய் சொன்னாருன்னு ஆயிடும். நீங்க பண்ணுனதுக்கு அவரு தலைகுனியணுமா?" வெங்காயத்தைத் தட்டில் போட்டுவிட்டு, "இருந்தாலும் நல்லாத்தான் இருக்கு. அடுத்து என்ன வருதுன்னு பாப்போம்," என்றார். அவரும் கணேஸ்வரனுக்குக் குறைந்தவர் இல்லை.

அடுத்து வந்தவர் தாயம்மா. புக்கிட் பெருந்துங்கில் மகன் வீட்டில் இருக்கிறார். வயது எழுபத்தாறு. பால்வெட்டில் முப்பது வருடம் இருந்தவர். மருமகள் மோகனாவின் கைப்பேசியிலிருந்து குரல் பதிவு அனுப்புவார். அதில் அவர் பேச்சைவிடத் தொலைக்காட்சி நாடகத்தின் சத்தம்தான் அதிகம் கேட்கும்.

"நடுவுல நிக்கிறது எங்க வீட்டுக்காரரு. வீராசாமி. பந்து புடிக்கிற கோலி அவருதான்."

அரைமணி நேரத்தில் சுகுமாரன் என்பவர் உள்ளே வந்தார். அதே ஆளைத் தன் தாத்தா என்றார். நெற்றியைப் பாருங்கள், எங்கள் குடும்ப நெற்றி என்று தன் படத்தையும் பக்கத்தில் வைத்து அனுப்பினார். தாயம்மாவின் பதில் உடனே வந்தது.

"தம்பி, ஒங்க தாத்தாவுக்கு வழுக்கத் தல. எம் புருசன ஒங்க தாத்தாவா ஆக்காத."

ஒரு வாரம் குழு அல்லோலகல்லோலப்பட்டது. பன்னிரண்டு பேருக்கும் பெயர் வைத்தாயிற்று. கோல்கீப்பரைத் தவிர வேறு யாருக்கும் போட்டியில்லை. படத்தைப் பத்தடிப் பதாகையாக அடித்து மேடைக்குப் பின்னால் கட்டுவது என்றும், ஆட்டக்காரர் குடும்பங்களுக்குப் பொன்னாடை போர்த்துவது என்றும் நடராஜா சார் முடிவு செய்தார். கோல்கீப்பர் ஒருவருக்கு மட்டும் இரண்டு பொன்னாடை. இரண்டு குடும்பமும் வரட்டும், வீணாகச் சண்டை வேண்டாம் என்றார்.

அதோடு நிற்காமல் கணேஸ்வரனையும் அழைத்தார். "அசல் படத்தை எடுத்து வாங்க கணேஸ். கண்ணாடிப் பேழையில வச்சிக் காட்டணும்."

"அசலு... கரையான் அரிச்சிருச்சி சார்."

"இப்பத்தான கெடைச்சதுன்னு எழுதினீங்க?"

"எடுத்து வச்சேன். அதுக்குள்ள அரிச்சிருச்சி."

பக்கத்தில் நின்ற தனேஸ்வரி, போனில் கேட்கும்படியாகவே, "நம்ம வீட்டுல எல்லாம் டைல்ஸ்தானே. யாரு வீட்டுக் கரையான் அது?" என்றார். கணேஸ்வரன் அவசரமாகப் போனை வைத்தார்.

ஒன்றுகூடலுக்கு ஒரு வாரம் இருந்தபோது அவரால் தாங்க முடியவில்லை. நடராஜா சார் வீட்டுக்கே போனார். சார் பசியாறிக்கொண்டிருந்தார். கணேஸ்வரன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். நான் செய்த படம் சார், மன்னிச்சிருங்க, இதோ உங்கள் கண் முன்னாலேயே இன்னொன்று செய்து காட்டுகிறேன் என்று கைப்பேசியை எடுத்தார். அவசரத்தில் எழுதியதால் அது தன் பழைய குணத்தைக் காட்டியது. வந்தவர்கள் எல்லார் தலையிலும் தலைப்பாகை.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "பாத்தீங்களா? இயந்திரம் செஞ்சா தலைப்பாகை வருது. நம்ம படத்துல யாருக்காவது தலைப்பாகை இருக்கா?"

"இல்ல சார், அதுல வேண்டாம்னு நானே..."

"சன்னாசிக்கு ஆறு விரல்னு இயந்திரத்துக்கு யாரு சொன்னது?"

"அது எல்லாருக்கும் ஆறு வெரலு போடும் சார்."

"செத்தவங்களக் கேலி பண்ணாதீங்க கணேஸ்," என்றார் சார் கடுமையாக. பிறகு குரலைத் தணித்து, "மேடையில பேசக் கூச்சமா இருந்தா சொல்லுங்க. அதுக்காக இப்படியெல்லாம் கத கட்ட வேண்டாம். காப்பி ஆறுது, குடிங்க," என்றார்.

கணேஸ்வரன் காப்பியைக் குடித்துவிட்டு வந்தார். உண்மையைச் சொல்லி நம்பவைப்பது பொய்யைவிடக் கஷ்டமான வேலை என்று வழியெல்லாம் புலம்பினார். வெளியே காரில் காத்திருந்த தனேஸ்வரி, ஓட்டிக்கொண்டே கேட்டார். "காப்பியில சீனி போட்டாங்களா? ஒங்களுக்கு இனிப்பு ஆகாதுன்னு சொன்னீங்களா, இல்ல அதுவும் நம்பலயா?"

ஒன்றுகூடல் நாள் ஞாயிற்றுக்கிழமை. மண்டபத்தில் முந்நூறு பேர். நுழைந்ததும் பிரியாணி வாசம். மேடைக்குப் பின்னால் பத்தடி அகலத்தில் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். கைப்பேசியில் விரல் அகலத்தில் பார்த்த ஆட்கள் இப்போது நிஜ மனிதர் அளவுக்கு வளர்ந்து கணேஸ்வரனையே பார்ப்பதுபோல் இருந்தார்கள். கேடயத்தில் இருந்த எழுத்து தமிழும் இல்லை, மலாயும் இல்லை, ஆங்கிலமும் இல்லை என்பது அங்கே வந்துதான் தெரிந்தது. ஒருவர் அதைச் சீனம் என்று பக்கத்திலிருந்தவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

முன்வரிசையில் தாயம்மா பட்டுச் சேலையில், பொன்னாடைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மருமகள் மோகனா. வரவேற்புரை நீண்டுகொண்டே போனதால், மோகனா பொழுதுபோகாமல் பதாகையை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று மாமியார் பக்கம் சாய்ந்தார்.

"அத்தே, முன்னால குந்தியிருக்கறவங்க அஞ்சு பேருதான?"

"ஆமா."

"முட்டி பதினொண்ணு இருக்கு."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பின்வரிசைக்காரருக்குக் கேட்டது. அவர் எண்ணினார். அவருக்குப் பின்னால் இருந்தவரும் எண்ணினார். கொஞ்ச நேரத்தில் மண்டபத்தில் பாதிப் பேர் விரலை நீட்டி முட்டி எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குப் பதினொன்று வந்தது. இன்னொருவர் பன்னிரண்டு என்றார். மேடையில் நடராஜா சாருக்கு இது எதுவும் தெரியவில்லை. "இந்த அரிய படத்தைக் கரையானிடமிருந்து மீட்டுத் தந்த கணேஸ்வரன் அவர்கள் இப்போது பேசுவார்," என்று கைதட்டச் சொன்னார்.

கணேஸ்வரன் ஒலிவாங்கியைப் பிடித்தார். தனேஸ்வரி மூன்றாம் வரிசையில் இருந்து, சொல்லுங்கள் என்பதுபோலத் தலையை அசைத்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்தப் படம் பெட்டியில கெடைக்கல. கரையானும் அரிக்கல. நான் போன்ல செஞ்சது. இந்தப் பன்னெண்டு பேரும் பொறக்கவே இல்ல. வெளையாட்டாப் போட்டேன். சொல்றதுக்குள்ள கை மீறிப் போச்சி. தப்பு என்னோடது."

முதலில் எழுந்தவர் சேது. "எங்க பெரியப்பாவ வச்சா நீ வெளையாடுன? எங்கம்மா அந்தப் படத்துக்கு மால போட்டு வெளக்கு வச்சிருக்காங்க லா."

அதுவரை கணேஸ்வரனுக்கு நடராஜா சாரைப் பற்றிய பயம்தான் இருந்தது. அந்த விளக்கைப் பற்றி அவர் நினைக்கவேயில்லை.

அந்த நேரத்தில் தாயம்மா எழுந்தார். மோகனாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேடைப்படி ஏறி, ஒலிவாங்கியைக் கணேஸ்வரனிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"எனக்கு மொத நாளே தெரியும்," என்றார். "அறுபத்தெட்டுல நான் கல்யாணம் ஆயி சபாக்குலேர்ந்து கெலாடிக்கு வந்தேன். அப்ப ஏது தெடலு? அந்த எடத்துல தொரையோட மாடு மேஞ்சிக்கிட்டிருந்துச்சு. நம்ம ஆளுங்க பந்து ஒதைச்சா வேல வாங்குற மண்டோரு கம்பு எடுத்துக்கிட்டுத் தொரத்துவாரு. எழுபத்திமூணுலதான் கோல் கம்பே நட்டாங்க. எவன் போயி கேடயம் வாங்குனது?"

நடராஜா சார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "ஆண்டு மாறியிருக்கலாம்..."

"ஒக்காருங்க சார், பேசி முடிச்சிர்றேன்."

கணேஸ்வரன் மெதுவாகக் கேட்டார். "அப்ப ஏன் அத்தே ஒங்க வீட்டுக்காரருன்னு சொன்னீங்க?"

"அவரு மொகம் எனக்குத் தெரியாதா? முப்பத்தாறு வருசம் பாத்த மொகம். முன்பல்லு ரெண்டு வெளிய நிக்கும். காது பெருசு. நல்ல மனுசன், ஒரு கொறையும் சொல்ல மாட்டேன். ஆனா படத்துல இருந்த ஆளு பாக்க நல்லா இருந்தாரு. வேற யாரும் கேக்கறதுக்கு முன்ன எடுத்துக்கிட்டேன்."

முதலில் சிரித்தது மோகனா. பிறகு மண்டபமே சிரித்தது. சுகுமாரனும் நெற்றியைத் தடவிக்கொண்டே சிரித்தார். தாயம்மா அவர் பக்கம் திரும்பி, "ஒனக்கு வேணும்னா வச்சிக்க தம்பி. ஆனா பொன்னாட ரெண்டு வாங்கியாச்சி. எனக்குள்ளத எனக்குக் குடுத்துரச் சொல்லு," என்றார். கொடுத்தார்கள். போர்த்திக்கொண்டே கீழே இறங்கினார்.

சேது மட்டும் சிரிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தாயம்மாவிடம் போய் நின்றார். "சன்னாசி பெரியப்பாவுக்கு ஆறு வெரலு இருந்துச்சா, இல்லயா? அதுவாவது நெசமா?"

"இருந்துச்சே. எங்க லயந்தானே. ஆனா வலது கையி."

பிரியாணித் தட்டோடு ஓரமாக ஒதுங்கியிருந்த கணேஸ்வரனைத் தேடி வந்தார் சேது. அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்துக் கணேஸ்வரன் தட்டைக் கீழே வைத்தார்.

"படத்த எடமும் வலமுமாத் திருப்பிப் போட முடியுமா?" என்றார் சேது.

"முடியும் அண்ணே. ஆனா அது ஒங்க பெரியப்பா இல்ல."

"தெரியுது லா. எங்கம்மாக்கிட்ட நான் சொல்லிக்கறேன். ஆனா வெளக்க எடுக்க மாட்டாங்க. எடுக்காதப்ப, கையாவது சரியா இருக்கட்டும்."

நடராஜா சார் மண்டபத்துக் கடைசி மேசையில் தனியாக இருந்தார். சாப்பாட்டைத் தொடவில்லை. கணேஸ்வரன் எதிரே போய் உட்கார்ந்தார்.

"அந்த ஆட்டம் எனக்கு ஞாபகம் இருக்கு கணேஸ்," என்றார் சார். புத்தகத் தமிழை விட்டு இறங்கியிருந்தார். "எங்கப்பா தோள்ல ஒக்காந்து பாத்தேன். மழ பேஞ்சிச்சு. ஒங்க படத்தப் பாத்ததும் எல்லாம் அப்படியே வந்துச்சு."

"படத்துல மழ இல்லயே சார்."

"அதத்தான் யோசிச்சிக்கிட்டிருக்கேன்."

"வேற தோட்டத்துல பாத்திருப்பீங்க."

"இருக்கலாம்." தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஆனா தோள்ல ஒக்காந்தது நெசம். அத யாரும் செஞ்சி போட முடியாது." ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஒங்கள நான் இன்னும் மன்னிக்கல," என்றார். "அந்த நிலாப் படத்துல என்னைய மட்டும் குள்ளமாப் போட்டிருந்தீங்க."

அதன் பிறகு கணேஸ்வரன் தனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டார். எந்தப் படம் செய்தாலும் கீழ் மூலையில் 'இது செய்த படம்' என்று தெரிகிற அளவில் எழுதுவது. இறந்துபோன சொந்தக்காரரின் படம் செய்து தரக் கேட்டு வந்தவர்களில் பலரைத் திருப்பி அனுப்பினார். தாயம்மாவுக்கு மட்டும் கோல்கீப்பர் படத்தைத் தனியாக எடுத்துச் சட்டம் போட்டுக் கொடுத்தார், மூலையில் எழுத்தோடு. அதை எங்கே மாட்டினார் என்று கேட்டால் மோகனா சிரிப்பாரே தவிரச் சொல்லமாட்டார்.

வீட்டில்தான் நிலைமை மாறியது. தனேஸ்வரியும் அந்தச் செயலியை இறக்கிக்கொண்டார். கணவரைச் சுல்தானாக, பாகனாக, தொப்பையில்லாதவராகச் செய்து அவருடைய தம்பி தங்கைகளுக்கெல்லாம் அனுப்பினார். கை வேகமாகப் பழகியது. ஒரு மாதத்தில் கணேஸ்வரனையே மிஞ்சிவிட்டார்.

ஒரு விடுமுறை நாள் காலை, கணேஸ்வரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காகத் தனேஸ்வரியின் சேலையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தனேஸ்வரி கதவோரம் நின்று கைப்பேசியில் ஒரே ஒரு படம் எடுத்து, எதுவும் எழுதாமல் 'கெலாடிக் குடும்பம்' குழுவில் போட்டார்.

இரண்டே நிமிடம். "இது ஏஐ லா," என்றார் சேது. "நெழல் சரியா விழல," என்றார் சுகுமாரன். நாடகச் சத்தத்துக்கு நடுவே தாயம்மாவின் குரல் வந்தது: "எந்த ஆம்பள இப்படித் தேய்ப்பான்? பொய்யிதான்." கடைசியாக நடராஜா சார் எழுதினார்: "கீழ் மூலையில் குறிப்பு விடுபட்டுள்ளது. விதியை மீற வேண்டாம்."

கணேஸ்வரன் படித்துவிட்டு மனைவியை நிமிர்ந்து பார்த்தார். "இது நெசம்னு சொல்லேன்."

"சொல்லிப் பாத்தேன்," என்றார் தனேஸ்வரி. "நம்ப மாட்டேங்கறாங்க. முந்தானைப் பக்கம் இன்னும் சுருக்கம் இருக்கு, பாருங்க."

கணேஸ்வரன் தேய்ப்புப் பெட்டியை மறுபடி சூடாக்கினார்.